நடக்க முடியாத பெற்றோரும் நடுவழியில் மாறும் விமானமும்

கடைத் தொழில் கால்களின் மேல் நடக்கும் தொழில். காலை 6 மணிக்குக் கதவைத் திறந்தால் இரவு 10 மணிக்குப் பூட்டும் வரை நாம் உட்காரும் நேரம் மிகவும் குறைவு. மூட்டை இறக்கும்போது நிற்கிறோம். எடை போடும்போது நிற்கிறோம். கல்லாவில் நாற்காலி இருந்தாலும், வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுகிறோம். நாற்பது ஆண்டுகள் இப்படி நின்ற முழங்கால், அறுபத்தைந்து வயதுக்கு மேல் தன் பழைய பாக்கியை வட்டியுடன் வசூல் செய்யத் தொடங்குகிறது.

அந்த வயதில்தான் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அழைக்கிறார்கள். மகளுக்குப் பிரசவம், மகனின் புதுமனை புகுவிழா, பேரனின் காதுகுத்து என்று ஏதாவது ஒரு காரணம் வருகிறது. சிங்கப்பூர், துபாய், இலண்டன், அமெரிக்கா என்று நம் உறுப்பினர் குடும்பங்களிலிருந்து பயணம் போகும் மூத்தவர்கள் ஆண்டுதோறும் பெருகி வருகிறார்கள். நல்ல காலம் இது, மகிழ்ச்சிதான்.

ஆனால் விமான நிலையம் நம் ஊர்ப் பேருந்து நிலையம் அல்ல. ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டிய நிலையங்கள் உண்டு. இதற்காகத்தான் விமான நிறுவனங்கள் சக்கர நாற்காலி உதவி தருகின்றன. நம்மில் பெரும்பாலோர் டிராவல் ஏஜெண்டிடம், "தம்பி, அம்மாவுக்கு ஒரு வீல்சேர் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததாக நினைக்கிறோம். ஒரே விமானத்தில் ஏறி, போய் இறங்கும் பயணத்திற்கு அது பெரும்பாலும் போதும். நடுவில் விமானம் மாற வேண்டிய பயணத்திற்கு, அதிலும் இடைவெளி குறைவான பயணத்திற்கு, அது போதாது. ஏன் போதாது, என்ன செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சரக்கு தொலைவது மாறும் இடத்தில்தான்

நமக்குத் தெரிந்த தொழிலை வைத்தே பார்ப்போம். விருதுநகரில் ஏற்றிய பருப்பு மூட்டை நேரே சென்னைக்குப் போனால் பெரும்பாலும் பழுதில்லாமல் போய்ச் சேருகிறது. நடுவில் ஒரு பார்சல் ஆபீசில் இறக்கி வேறு லாரியில் ஏற்றும்போதுதான் மூட்டை கிழிகிறது, எண்ணிக்கை குறைகிறது, "எங்கள் கைக்கு வரவே இல்லை" என்ற பேச்சு வருகிறது. காரணம், ஒருவர் பொறுப்பு முடிந்து இன்னொருவர் பொறுப்பு தொடங்கும் இடம் அது.

சக்கர நாற்காலி உதவியும் அப்படித்தான். புறப்படும் ஊரில் ஒரு நிறுவனத்தின் ஆள் தள்ளிக்கொண்டு வருகிறார். விமானம் மாறும் நிலையத்தில் வேறு ஒருவர். அவர் பெரும்பாலும் விமான நிறுவனத்தின் ஆள்கூட அல்ல. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் இன்னொரு கம்பெனியின் ஆள். அவர் கையில் இருக்கும் பட்டியலில் நம் பெயர் இருந்தால் நாற்காலி வரும். இல்லையென்றால், நம் டிக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும், அந்த நிமிடத்தில் நாம் அவருக்குத் தெரியாத சரக்குதான்.

ஒன்றரை மணி நேரக் கணக்கு

இன்னொரு செய்தியையும் பலர் அறிவதில்லை. நாற்காலி கேட்டவர்களை விமானத்தில் முதலில் ஏற்றுவார்கள். இறக்கும்போது கடைசியாக இறக்குவார்கள். ஏறும்போது கிடைத்த சலுகை இறங்கும்போது செலவாகிவிடுகிறது.

ஒவ்வொரு விமான நிலையத்திற்கும் "குறைந்தபட்ச இணைப்பு நேரம்" என்று ஓர் அளவு உண்டு. இரண்டு விமானங்களுக்கும் இடையே அந்த நேரம் இருந்தால் போதும். கம்ப்யூட்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிடும். அந்த அளவு தன் காலால் நடந்து போகும் பயணிக்கு உரியது. மூட்டு வலிக்காரருக்கு உரியதன்று.

ஒன்றரை மணி நேர இடைவெளி, அதாவது 90 நிமிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நாமே ஒரு உத்தேசக் கணக்குப் போடுவோம். அடுத்த விமானத்தின் கேட்டைப் புறப்படுவதற்கு 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள் என்று கொண்டால், மிச்சம் 70 நிமிடம். இதுதான் வரவு.

இனிப் பற்று. மற்றப் பயணிகள் எல்லோரும் இறங்க 20 நிமிடம். நாற்காலியும் ஆளும் வந்து சேர 15 நிமிடம். மாறும் நிலையத்தில் மறுபடியும் பாதுகாப்புச் சோதனைக்கு 15 நிமிடம். கழிவறைக்கு நின்று அடுத்த கேட் போய்ச் சேர 25 நிமிடம். மொத்தம் 75. எல்லாம் ஒழுங்காக நடந்தும் 5 நிமிடம் பற்றாக்குறை. முதல் விமானம் கால் மணி நேரம் தாமதமானால் பற்றாக்குறை 20 நிமிடம். இப்படிப்பட்ட கணக்கோடு நாம் ஒரு லோடு சரக்கு எடுப்போமா? பெற்றோரை மட்டும் இந்தக் கணக்கில் அனுப்பலாமா?

ஆகவே, நாற்காலி தேவைப்படுவோருக்கு இடைவெளி 3 மணி நேரமாவது இருக்கும்படி டிக்கெட் எடுப்பதே நல்லது. மாறும் இடத்தில் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருந்தால் 4 மணி நேரம் வேண்டும். அமெரிக்காவுக்குப் போகிறவர் அந்நாட்டில் முதலில் இறங்கும் ஊரில் பொதுவாக இதைச் செய்ய வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து டில்லியிலோ மும்பையிலோ உள்நாட்டு விமானத்துக்கு மாறுவோருக்கும் பெரும்பாலும் அப்படியே. டிக்கெட் விலையில் இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சமாகிறது என்று குறுகிய இடைவெளியைத் தேர்ந்தெடுப்பது, தராசைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்ப்பது போன்றது.

நம்மவர் ஒருவரின் அனுபவம்

தென்மாவட்டத்தைச் சேர்ந்த மளிகை மொத்த வியாபாரி ஒருவர். வயது 71. அண்ணாச்சி என்றே இங்கே குறிப்பிடுவோம். அவரும் 66 வயதான அவர் துணைவியாரும் அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள். வளைகுடா நகர் ஒன்றில் விமானம் மாற வேண்டும். இடைவெளி 1 மணி 20 நிமிடம். இருவருக்கும் நாற்காலி சொல்லியிருந்தார்கள்.

முதல் விமானம் 25 நிமிடம் தாமதம். இறங்கியதும் நாற்காலிகள் வந்தன. இருவரையும் தள்ளிக்கொண்டு போய், உதவி தேவைப்படுவோர் காத்திருக்கும் கூடத்தில் விட்டுவிட்டு, "பத்து நிமிடத்தில் வேறு ஆள் வருவார்" என்று சைகையில் சொல்லிவிட்டு அந்தப் பணியாள் போய்விட்டார். வேறு ஆள் வரவில்லை. இரண்டாவது விமானம் முதல் நிறுவனத்தின் பெயரில் விற்கப்பட்டாலும், அதை ஓட்டுவது வேறொரு கூட்டு நிறுவனம். நாற்காலிக் கோரிக்கை அந்த நிறுவனத்தின் பட்டியலில் ஏறவே இல்லை.

அண்ணாச்சி கடையில் இருபது பேரை வேலை வாங்குகிறவர். அந்தக் கூடத்தில் யாரிடம் எந்த மொழியில் கேட்பது என்று தெரியாமல், தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று மரியாதையாக உட்கார்ந்திருந்தார். கேட் மூடிவிட்டது. அடுத்த விமானம் மறுநாள்தான். துணைவியாருக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் மருந்து, சரக்கோடு போகும் பெரிய பெட்டியில். அந்த இரவு முழுவதும் மருந்தில்லாமல் கழிந்தது. அமெரிக்காவில் இறங்கியதும் அவரை மருத்துவரிடம்தான் முதலில் கூட்டிப் போனார்கள்.

டிக்கெட் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்ததால் மறுநாள் விமானத்தில் கூடுதல் கட்டணம் இல்லாமல் இடம் கிடைத்தது. அது ஒன்றுதான் ஆறுதல். ஊர் திரும்பிய பிறகு அந்த அம்மா சொன்னதை நாம் மறக்க முடியாது. "நம்ம கடையில பருப்பு மூட்டைக்குக்கூட பேரும் ஊரும் எழுதி அனுப்புறோம். எங்க ரெண்டு பேருக்கும் எழுதாம அனுப்பிட்டாங்க."

மும்பையில் 2024இல் நடந்தது

இதைவிடப் பெரிய இழப்பும் நடந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கிலிருந்து மும்பைக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தில் 80 வயதுப் பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். இருவருக்கும் நாற்காலி பதிவாகியிருந்தது. இறங்கியபோது ஒன்றுதான் கிடைத்தது. மனைவியை அதில் உட்கார வைத்துவிட்டுப் பெரியவர் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதியில் மயங்கி விழுந்தார்; உயிர் பிழைக்கவில்லை. இன்னொரு நாற்காலி வரும்வரை காத்திருக்கச் சொன்னதாகவும், மனைவியுடன் நடந்து வருவதையே அவர் விரும்பியதாகவும் நிறுவனம் விளக்கம் தந்தது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அதே மாதத்தில் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

அபராதம் போகட்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். "நீ உட்காரு, நான் நடந்தே வந்துடுறேன்" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம். எனவே புறப்படும் முன்பே அவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இருவருக்கும் நாற்காலி கேட்டிருந்தால், இரண்டு நாற்காலியும் வரும் வரை இருவரும் விமானத்துக்குள்ளேயே இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். "இரண்டு பேர், இரண்டு நாற்காலி" என்று விமானப் பணிப்பெண்ணிடம் சொல்ல வேண்டும். யாரும் அவசரப்படுத்தினாலும் எழுந்து நடக்கக் கூடாது.

பதிவு செய்யும் முறை

நாற்காலி உதவி எல்லாம் ஒரே வகை அல்ல. உலகெங்கும் விமான நிறுவனங்கள் மூன்று குறியீடுகளைப் பயன்படுத்துகின்றன. ஏஜெண்டிடம் பேசும்போது இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவது டபிள்யூ.சி.எச்.ஆர். படி ஏறி இறங்க முடியும், விமானத்துக்குள் நடக்கவும் முடியும், ஆனால் நீண்ட தூரம் நடக்க முடியாது என்பவருக்கு உரியது.

இரண்டாவது டபிள்யூ.சி.எச்.எஸ். படி ஏற முடியாது, விமானத்துக்குள் சில அடிகள் நடந்து தன் இருக்கைக்குப் போக முடியும் என்பவருக்கு உரியது.

மூன்றாவது டபிள்யூ.சி.எச்.சி. சிறிதும் நடக்க முடியாதவருக்கு உரியது. இருக்கை வரைக்கும் தூக்கிக்கொண்டோ குறுகிய நாற்காலியிலோ கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

கேட்காமல் விட்டால் பொதுவாக முதல் வகையைத்தான் பதிவு செய்துவிடுவார்கள். முழங்கால் மடக்க முடியாதவருக்கு இது போதாது. விமானம் கட்டிடத்தை ஒட்டி நிற்காமல் தூரத்தில் திறந்த வெளியில் நின்றால், பேருந்தில் போய்ப் படியேற வேண்டும். இரண்டாம் வகை என்று பதிவாகியிருந்தால்தான் தூக்கி ஏற்றும் வண்டியோ சாய்தளமோ ஏற்பாடு செய்வார்கள். சிறிய ஊர்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். என்ற விசிறி விமானத்தில் பயணிகள் பின்வாசல் வழியாகத்தான் ஏற வேண்டும். அதற்கும் படிகள் உண்டு. எனவே படி ஏற முடியுமா என்பதை வீட்டிலேயே மாடிப்படியில் ஏறச் சொல்லிப் பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

அடுத்துச் செய்ய வேண்டியவை:

1. டிக்கெட் முழுவதும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கட்டும். இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப் போனால் பெரும்பாலும் அந்தப் பணம் போனதுதான்.

2. டிக்கெட் எடுக்கும் நாளிலேயே நாற்காலி சொல்லிவிடுங்கள். இந்தியாவின் விமான விதிகள் புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே தெரிவிக்கும்படி கூறுகின்றன. கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

3. ஒவ்வொரு பகுதிப் பயணத்துக்கும் தனித்தனியே உறுதி செய்யுங்கள். மதுரை - சென்னை ஒன்று, சென்னை - துபாய் ஒன்று, துபாய் - இலண்டன் ஒன்று. போகும்போது மூன்று என்றால் வரும்போதும் மூன்று. ஆறு இடத்திலும் அந்தக் குறியீடு அச்சாகியிருக்கும் தாளை ஏஜெண்டிடம் கேட்டு வாங்குங்கள். லாரி ரசீது கையில் இல்லாமல் நாம் சரக்குக் கேட்பதில்லை. இதற்கும் ரசீது வேண்டும்.

4. டிக்கெட்டில் "ஆபரேட்டட் பை" என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் பெயரைப் பாருங்கள். உண்மையில் விமானத்தை ஓட்டும் நிறுவனம் அதுதான். அந்த நிறுவனத்துக்கே போன் செய்து, கோரிக்கை ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

5. பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு மறுபடியும் ஒரு முறை போன் செய்யுங்கள். நேரம் மாறியோ விமானம் மாறியோ புது டிக்கெட் வந்திருந்தால், பழைய டிக்கெட்டிலிருந்த நாற்காலிக் கோரிக்கை புதிய டிக்கெட்டில் விட்டுப் போயிருக்கலாம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

6. முன்பக்கத்தில், நடைபாதை ஓர இருக்கையாகக் கேளுங்கள்.

எந்த நாட்டில் யார் பொறுப்பு

கூடத்தில் விட்டுவிட்டுப் போனால் யாரைக் கேட்பது? இதற்கு நாட்டுக்கு நாடு விடை வேறு.

இந்தியாவில் விமான நிறுவனமே பொறுப்பு. புறப்படும் நிலையத்தின் வாசலிலிருந்து போய்ச் சேரும் நிலையத்தின் வெளிவாசல் வரை உதவி தர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2006ஆம் ஆண்டின் 1107 என்ற எண்ணுடைய ஒழுங்குமுறைப்படி விமான நிலைய நிர்வாகமே பொறுப்பு. பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகும் அதே முறையைத்தான் வைத்திருக்கிறது. 48 மணி நேரம் முன்பு நாம் விமான நிறுவனத்திடமோ ஏஜெண்டிடமோ சொன்னால், நிறுவனம் 36 மணி நேரம் முன்பாவது அதை விமான நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பயணியிடம் இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. எனவே இலண்டனிலோ பிராங்பர்ட்டிலோ விமான நிறுவனக் கவுண்டரில் சண்டை போடுவதைவிட, நிலையத்தின் உதவி மேசையைக் கேட்பதே பயன்.

அமெரிக்காவில் விமான நிறுவனமே பொறுப்பு. அங்கே 1986இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் வந்த விதிகள் நமக்கு மிகவும் உதவியானவை. வந்து இறங்கிய விமானத்தின் நிறுவனம்தான் அடுத்த விமானத்தின் கேட் வரை கொண்டு சேர்க்க வேண்டும். அடுத்த டிக்கெட் வேறு நிறுவனத்தில் தனியாக எடுத்ததாக இருந்தாலும் சரியே. தானாக நகர முடியாதவரை நாற்காலியில் 30 நிமிடத்துக்கு மேல் கவனிப்பாரின்றி விட்டுவைக்கவும் கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். "சி.ஆர்.ஓ.வைக் கூப்பிடுங்கள்" என்று மூன்று எழுத்தைச் சொன்னால், நின்றுபோன வேலை நகரத் தொடங்கும்.

சென்னையில் மாறுவோர் கவனிக்க

மதுரை, தூத்துக்குடி, கோவை போன்ற ஊர்களிலிருந்து உள்நாட்டு விமானத்தில் சென்னை வந்து வெளிநாட்டு விமானம் ஏறுகிறவர்கள் நம்மில் பலர். சென்னையில் உள்நாட்டு முனையமும் பன்னாட்டு முனையமும் தனித்தனிக் கட்டிடங்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால், முதல் நிறுவனத்தின் ஆள் வெளிவாசலில் விட்டுவிட்டுப் போவார். இரண்டாவது நிறுவனத்தின் பொறுப்பு அடுத்த கட்டிடத்தின் வாசலில்தான் தொடங்கும். நடுவில் உள்ள தூரம் யார் கணக்கிலும் இல்லை. பெட்டியோடு அந்தத் தூரத்தை மூத்தவர்கள் தனியே கடக்க விடக் கூடாது. சென்னையில் உள்ள உறவினர் ஒருவரை வெளிவாசலில் நிற்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. நெல்லை, பாண்டியன், முத்துநகர் போன்ற இரவு ரயில்களில் வந்து தாம்பரத்தில் இறங்கினால் விமான நிலையம் பக்கத்தில்தான். பகலில் உறவினர் வீட்டில் ஓய்வெடுத்துவிட்டு இரவு விமானம் ஏறலாம். திருச்சியிலிருந்தே சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்புக்கு விமானம் இருப்பதால், அந்தப் பக்கம் போகிறவர்கள் சென்னையைத் தவிர்த்து ஒரு மாறுதலைக் குறைத்துக்கொள்ளலாம். மாறும் இடம் ஒன்று குறைந்தால், தவறு நேரும் இடமும் ஒன்று குறைகிறது.

பயண நாளில்

நம் நாட்டில் டிக்கெட் இல்லாதவரை முனையத்துக்குள் விடுவதில்லை. எனவே வழியனுப்பும் பிள்ளை வாசலோடு நிற்க வேண்டியதுதான். அதன்பின் பெரியவர்கள் தாங்களாகவே கேட்டுப் பெற வேண்டும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

போர்டிங் பாஸ் வாங்கும்போது, அடுத்த விமானத்துக்கும் நாற்காலி பதிவாகியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே கேளுங்கள். முடிந்தால் இரண்டு விமானங்களுக்குமான போர்டிங் பாஸை அங்கேயே வாங்கிவிடுங்கள்.

ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதிப் பெரியவரின் சட்டைப் பையில் வையுங்கள். பெயர், வயது, அடுத்த விமானத்தின் எண், புறப்படும் நேரம், போகும் ஊர், "எனக்கு நீண்ட தூரம் நடக்க முடியாது, இந்த விமானத்தைப் பிடிக்க வேண்டும்" என்ற வாக்கியம், மகன் அல்லது மகளின் போன் எண். மொழி தெரியாத இடத்தில் இந்தச் சீட்டு பேசும். மூட்டைக்கு எழுதுவதை மனிதருக்கும் எழுதி அனுப்புவது இதுதான்.

மருந்து, மூக்குக் கண்ணாடி, மருத்துவர் சீட்டு, ஒரு மாற்றுத் துணி ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் வேண்டவே வேண்டாம்.

விமானம் தரையிறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, அந்தச் சீட்டைப் பணிப்பெண்ணிடம் காட்டுங்கள். இடைவெளி குறைவு என்று அவர்களுக்குத் தெரிந்தால் கீழே சொல்லி நாற்காலியை வாசலுக்கே கொண்டுவர முயல்வார்கள்.

இறங்கிய பின், நாற்காலியில் உட்காராமல் "கொஞ்ச தூரம்தானே" என்று நடந்துவிடாதீர்கள். உங்களைத் தேடி வருகிறவர் விமான வாசலில்தான் தேடுவார். காத்திருப்புக் கூடத்தில் விட்டுப் போனால், யார் வருவார், எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம் ஆகியும் யாரும் வரவில்லை என்றால் கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். வேறு நாற்காலியில் வருபவரின் பணியாளாக இருந்தாலும் பரவாயில்லை, சீட்டைக் காட்டுங்கள். நம் கடைக்கு வருகிற வாடிக்கையாளர் ஒன்றும் கேட்காமல் மூலையில் நின்றால் நம் கடைப் பையனும் கவனிக்க மாட்டான். கேட்டவருக்குத்தான் சரக்கு.

தள்ளிக்கொண்டு வந்தவருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனம் உவந்து கொடுப்பது அவரவர் விருப்பம். கழிவறைக்கு நிற்கச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

வெட்கமும் வேண்டாம், பொய்யும் வேண்டாம்

நம் மூத்தவர்கள் பலர் நாற்காலியில் உட்கார மறுக்கிறார்கள். "நான் என்ன முடமா?" என்று கேட்கிறார்கள். நூறு கிலோ மூட்டையைத் தோளில் சுமந்த காலம் அவர்கள் மனதில் இருக்கிறது. அந்த வைராக்கியத்தை நாம் மதிக்க வேண்டும். ஆனாலும், மூட்டையை வண்டியில் வைத்துத் தள்ளுவதில் நமக்கு என்றும் வெட்கம் இருந்ததில்லையே! வேலை முடிவதுதான் முக்கியம் என்று எடுத்துச் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. நன்றாக நடக்கக்கூடியவர்கள், வரிசையில் நிற்க வேண்டாம், குடியேற்றச் சோதனையில் மொழிச் சிக்கல் வராது என்பதற்காக நாற்காலி கேட்கிறார்கள். இந்தியாவிலிருந்து புறப்படும் நெடுந்தூர விமானங்களில் நாற்காலி வரிசை நீண்டுகொண்டே போவதைப் பயணம் செய்தவர்கள் பார்த்திருப்பார்கள். நாற்காலியும் ஆளும் ஓர் அளவுக்குத்தான் இருக்கும். தேவையில்லாதவர் ஒன்றில் உட்கார்ந்தால், தேவையுள்ளவர் ஒருவர் நடக்க வேண்டியிருக்கும். எடைக்கல்லில் குறை வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். இதிலும் குறை வைக்கக் கூடாது. மொழிதான் சிக்கல் என்றால், வழிகாட்டி அழைத்துச் செல்லும் "மீட் அண்ட் அசிஸ்ட்" என்ற தனி உதவி இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

விமானம் தவறிவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரம் தவறிப் போகும். அப்போது பதறாமல், வந்த விமான நிறுவனத்தின் மாறுதல் பயணிகள் கவுண்டருக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒரே பி.என்.ஆர். என்றால் அடுத்த விமானத்தில் இடம் கேளுங்கள். புதிய டிக்கெட்டிலும் நாற்காலியைப் பதியச் சொல்லுங்கள். உணவு, தங்குமிடம் உண்டா என்று கேளுங்கள். மகனுக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். அவர் அங்கிருந்தே பாதி வேலையை முடித்துவிடுவார்.

நேரம், கேட் எண், பேசியவரின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். ஊர் வந்ததும் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் திருப்தியில்லை என்றால், மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2016இல் தொடங்கிய ஏர்சேவாவில் புகார் பதியலாம். நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. நம்மீது பிறர் வழக்குப் போடும் இடம் என்றுதான் அதை நாம் நினைத்திருக்கிறோம். டிக்கெட் வாங்கும்போது நாமும் நுகர்வோரே.

மேலே சொன்ன அண்ணாச்சி தம்பதியர் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, மருமகன் நாலரை மணி நேர இடைவெளியுள்ள விமானமாக மாற்றி, விமானத்தை ஓட்டும் நிறுவனத்துக்கே போன் செய்து, இருவர் பையிலும் சீட்டு வைத்து அனுப்பினார். அதே நிலையத்தில், அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறை அண்ணாச்சி பத்தாவது நிமிடத்தில் கையைத் தூக்கினார், ஆள் வந்தது. கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் இரண்டு மணி நேரம் மிச்சம் இருந்தது.

வியாபாரத்தில் ஒரு லோடு தாமதமானால் அடுத்த லோடில் சரிக்கட்டிவிடலாம். பெற்றோரின் உடல்நிலையை அப்படிச் சரிக்கட்ட முடியாது. ஒரு டிக்கெட்டுக்கு அரை மணி நேரம் செலவிட்டு இந்த ஏற்பாடுகளைச் சரிபார்ப்பது நம் கடமை. உறுப்பினர்கள் இப்பக்கத்தைக் கத்தரித்து, பயணம் போகவிருக்கும் உறவினருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் கொடுத்து உதவ வேண்டுகிறோம்.